ஜிம் ஹால் (1930–2013): ஜாஸ் கிட்டார் கலைஞர், இசையமைப்பாளர், ஆசிரியர்

கிப்சன் இஎஸ்-175 வகை மின்கிட்டார் 1949இல் அறிமுகமானது. உடல் உள்ளீடற்றது, மேப்பிள் மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்யப்பட்டது. கம்பிகளுக்கு அடியில் உள்ள பிக்கப், எஃகுக் கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுகிறது. ஜிம் ஹால் பல ஆண்டுகள் வாசித்தது இவ்வகைக் கிட்டாரையே.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்த ஹால், கிளீவ்லண்டில் முறையாக இசை பயின்றார். 1955இல் டிரம்ஸ் கலைஞர் சிக்கோ ஹாமில்டனின் குழுவில் சேர்ந்தார். அவர் கலையின் உச்சம் 1962இல் பதிவான இரு இசைத்தட்டுகளில் கேட்கிறது. சாக்சஃபோன் மேதை சானி ராலின்ஸின் 'தி பிரிட்ஜ்' தட்டில் பியானோவே இல்லை. அதன் பணி முழுவதையும் ஹாலின் கிட்டார் ஏற்றது. 'அண்டர்கரன்ட்' தட்டிலோ பில் எவன்ஸின் பியானோவும் இவரது கிட்டாரும் மட்டுமே. வேகத்தைக் காட்டிக்கொள்ளாமல், ஒலிபெருக்கியின் ஒலியளவைக் குறைத்து, சில சுரங்களை மட்டும் நிறைய இடைவெளி விட்டு வாசிப்பது ஹாலின் வழி. உடன் வாசிப்பவரைக் கூர்ந்து கேட்பதே அதன் அடித்தளம்.

பிற்காலத்தில் பித்தளைக் காற்றுக்கருவிகளுக்கும் நரம்பிசைக் குழுக்களுக்கும் இசை எழுதினார்; 1997இல் வெளியான 'டெக்ஸ்சர்ஸ்' அவ்வகையில் முக்கியமானது. நியூயார்க்கின் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கிட்டார் கலைஞர் பில் ஃபிரிசெல் இவரிடம் பயின்றவர். 2004இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் இவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' சிறப்பை வழங்கியது.