ஜாகிங், ஏரோபிக்ஸ், ஜும்பா... ஃபிட்னஸ் டிரெண்ட் மாறிட்டே இருப்பது ஏன்?

ஜனவரியில் ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, மார்ச்சில் அந்தப் பக்கமே போகாதவரா நீங்கள்? உங்களுக்கு மட்டும் இப்படி நடப்பதில்லை. ஒரு பயிற்சிக்குக் கூட்டம் கூடுவதும், பிறகு வேறொன்றுக்குத் தாவுவதும் 50 வருஷக் கதை.

ஓட்டம் எப்படி ஃபேஷன் ஆச்சு?

1968ல் அமெரிக்க டாக்டர் கென்னத் கூப்பர், இதயத்துக்கு ஓட்டம் நல்லது என்று சொல்லும் 'ஏரோபிக்ஸ்' புத்தகத்தை எழுதினார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மராத்தானில் அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்டர் தங்கம் வென்றார். அதன்பின் அமெரிக்கர்கள் ரோட்டில் ஓட ஆரம்பித்தார்கள். 1970ல் நடந்த முதல் நியூயார்க் மராத்தானை ஓடி முடித்தவர்கள் வெறும் 55 பேர். 2019ல் 53 ஆயிரத்துக்கும் மேல்!

பெண்கள் எப்போ வந்தாங்க?

பாஸ்டன் மராத்தானில் பெண்களுக்கு அதிகாரப்பூர்வ அனுமதி கிடைத்ததே 1972ல்தான். 1982ல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ கேசட் வந்தது. வீட்டுக்குள்ளேயே, டிவி முன்னாடி செய்யலாம். யாராவது பார்ப்பாங்களோ என்ற கூச்சம் இல்லை. ஏரோபிக்ஸ் பிரபலமானது இப்படித்தான். பிறகு கொலம்பியாவில் பிறந்த ஜும்பா, உடற்பயிற்சியை டான்ஸாகவே மாற்றியது.

கொரோனாவில் என்ன நடந்தது?

2020ல் ஜிம்கள் மூடப்பட்டதும், 'பெலோட்டன்' நிறுவனத்தின் வீட்டு சைக்கிள்கள் அமெரிக்காவில் பறந்தன. மக்கள் வெளியே வர ஆரம்பித்ததும் விற்பனை சரிந்தது. 2022ல் அந்த நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு நீக்கியது. வாழ்க்கை முறை மாறினால் டிரெண்டும் மாறும் என்பதற்கு இதுவே சாட்சி.

அப்போ எல்லோரும் ஃபிட்டா?

அதுதான் இல்லை. உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. 2000ல் இது சுமார் 22 சதவீதம்தான். ஆண்களைவிடப் பெண்களின் நிலை இன்னும் மோசம். இதனால் சர்க்கரை நோய், மாரடைப்பு அபாயமும் கூடுகிறது.

நாம் எதைத் தேர்ந்தெடுப்பது?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தினம் அரை மணி நேரம், 5 நாள் வேகமாக நடந்தாலே இந்தக் கணக்கு சரியாகிவிடும். எனவே ஊரே என்ன செய்யுது என்று பார்க்காதீர்கள். இடம் பக்கத்தில் இருக்கா, உங்க வேலை நேரத்துக்கு ஒத்துவருமா, ஆறு மாசம் கழிச்சும் செலவு கட்டுப்படியாகுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், அதுதான் உங்களுக்கான பயிற்சி.