வலி ஓய்ந்தது, புண் ஆறிற்றா?

சாத்தான்குளம் கடைவீதியில் ஒரு தோழரைக் கண்டேன். பனையேறி உரம் பெற்ற உடல், முகத்திலோ வாட்டம்!

"வயித்துல புண்ணு, கிருமி இருக்குன்னு சொல்லி, பதினாலு நாளைக்கு மாத்திரை தந்தாவ அண்ணாச்சி. நாலாம் நாளே வலி நின்னுட்டு. பொறவு எதுக்குத் திங்கணும்னு விட்டுட்டேன்" என்றார்.

மூன்று மாதம் சென்றது. போன வலி திரும்பி வந்தது. வராமல் என்ன செய்யும்? பகைவன் முரசு ஓய்ந்தது என்பதற்காகப் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புவார் உண்டா?

மிளகாயைப் பழித்தோம், கவலையைப் பழித்தோம், தலைவிதி என்றும் சொன்னோம். தென்னாட்டில் குடற்புண் மிகுதி என்று மருத்துவர்களும் எழுதினர். நரம்பை அறுத்து, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்த காலமும் இருந்தது. ஆனால், பெரும்பாலான புண்களுக்கு மூலகாரணமான குற்றவாளி சளிப்படலத்தின் அடியில் ஒளிந்திருந்தான்!

அவன் பெயர் எலிக்கோபாக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள் 1982-இல் அவனை வளர்த்துக் காட்டினர். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் ஐயுற்றனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் நோயுற்றார். அவருடைய இரைப்பை அழற்சியே சாட்சி சொன்னது! 2005-இல் நோபல் பரிசு இருவரையும் தேடி வந்தது.

சரி, கிருமி ஒழிந்தபின் உள்ளே நடப்பதென்ன? புண்ணின் கரையிலிருந்து புதிய உயிரணுக்கள் நகர்ந்து வந்து பள்ளத்தை மூடுகின்றன. அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. மேலே சளிப்படலம் மீண்டும் போர்வையாகிறது. புண் மூடச் சில வாரங்கள். உள்ளூறிய அழற்சி முழுதும் தணியப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்! பல்லாண்டு கவனிக்காமல் விட்டதால் குடலின் சுவர்போல் மாறிவிட்ட பகுதியோ, பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அங்கேதான் புற்றுநோயின் அச்சமும் பதுங்கியிருக்கிறது. காலத்தே களையெடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வலி நான்கு நாளில் ஓய்வது அமிலத்தை அடக்கும் மாத்திரையால். கிருமியை ஒழிப்பது அதனோடு தரும் நுண்ணுயிர்க்கொல்லி. அதை அரைவழியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி பெருகும். அந்த மருந்தையே எதிர்த்து நிற்கவும் பழகிவிடும். ஒழிக்காது விட்ட புண் ஓராண்டுக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வருகிறது. ஒழித்தவர்க்கு அது அரிது.

ஆகவே தோழரே, மருத்துவர் எழுதிய நாள்முழுதும் உண்ணுங்கள். முடித்து நான்கு வாரமேனும் சென்றபின், மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி போயிற்றா என்று கேளுங்கள். அமில மாத்திரையை அதற்கு இரு வாரம் முன்பு நிறுத்துவது பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மேல்வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலிநிவாரணி, ஆறிய புண்ணையும் கிளறும்; அதை விடுங்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, மணத்தக்காளிக் கீரையை நம்பிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பனை உச்சிவரை ஏறும் கால்கள், பாதி மரத்தில் பாளை சீவித் திரும்புவதில்லை. மருந்தில் மட்டும் பாதி வழி ஏன்?