ஆறு மில்லிமீட்டர் இரும்பு

என் வீட்டின் அடிப்பாகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது, அதை வாங்கி ஒன்றரை வருடம் கழித்து. வீடு என்றால் படகு. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் கால்வாய்களில் ஓடும் 57 அடி நீள நேரோபோட். 1992-ல் கட்டப்பட்டது. வாடகை கொடுத்து அலுத்துப்போய், இருந்த சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கியது.

வாங்கும்போது விற்றவர் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ், இன்னும் மூன்று வருடம் செல்லும். நம்ம ஊர்ல வண்டிக்கு எஃப்.சி. எடுக்கிற மாதிரினு நினைச்சுக்கிட்டேன். அதான் பாஸ் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்குத் தனியா சர்வேயர், படகைத் தண்ணியிலிருந்து தூக்குற செலவு? இப்படித்தான் கணக்குப் போட்டேன். இந்தப் பதிவு அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதைப் பற்றியது. நேரோபோட் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். படகே வேண்டாம் என்பவர்களுக்கும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது சுவாரஸ்யமான விஷயம்தான்.

முதலில் படகைப் பற்றி. இந்தப் படகுகளின் அகலம் 6 அடி 10 அங்குலம். காரணம், 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி மிட்லண்ட்ஸ் கால்வாய்களில் கட்டிய லாக்குகள் ஏறத்தாழ 7 அடி அகலம். லாக் என்பது படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பெட்டி. அதில் நுழைகிற அகலத்துக்கு மேல் படகு கட்ட முடியாது, எனவே நீளத்தைக் கூட்டினார்கள். அன்று நிலக்கரி ஏற்றிய மரப்படகுகள், இன்று பெரும்பாலும் இரும்புத்தகடு வீடுகள்.

தகடு எவ்வளவு தடிமன்? விளம்பரங்களில் 10/6/4 என்று போட்டிருப்பார்கள். அடித்தகடு 10 மி.மீ, பக்கத்தகடு 6 மி.மீ, மேலே கேபின் 4 மி.மீ. 1970, 80-களில் கட்டிய பல படகுகள் இதைவிட மெல்லியவை. ஆக, நான் தூங்குகிற கட்டிலுக்கும் கால்வாய்த் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஆறு மில்லிமீட்டர்.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். நாலு வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய அந்தச் சோதனை கேஸ் குழாய், டீசல் டாங்க், மின் இணைப்பு, காற்றோட்டம், தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்க்கும். தங்கும் படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் 2019-லிருந்து பார்க்கிறார்கள். எல்லாமே அவசியமானவை. ஆனால் அது படகின் உடம்பைப் பார்ப்பதில்லை. தகடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அந்தச் சோதனையிலேயே கிடையாது. கால்வாயில் ஓட்ட உரிமம் வாங்க இந்தச் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் போதும். இரண்டையும் கொடுத்தேன், உரிமம் வந்தது. இத்தனை காகிதத்திலும் இரும்பை யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

முழுக் காப்பீடு கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய படகு, சர்வே அறிக்கை கொடுங்க என்றார்கள். படகை உலர்துறையில் ஏற்றி, பாசியைப் பீய்ச்சி அடித்துக் கழுவினோம். சர்வேயர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் தாரைச் சுரண்டி, அல்ட்ராசானிக் மீட்டரை வைத்துத் தடிமன் பார்த்தார். நீர்மட்டக் கோட்டுக்கு வந்ததும் நின்றார். அங்கே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. தகடு 5.6 மி.மீ மிச்சம், ஆனால் ஆழமான குழிகள் 2.2 மி.மீ. கழித்தால் 3.4. பல காப்பீட்டு நிறுவனங்கள் 4 மி.மீ-க்குக் கீழே போனால் முழுக் காப்பீடு தரத் தயங்குவார்கள். "இன்னிக்கு முழுகாது. ஆனா இப்படியே விடாதே" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஏன் நீர்மட்டக் கோட்டில் மட்டும்? துருப்பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. மேலே தண்ணீர் இல்லை. இரண்டும் தாராளமாகக் கிடைப்பது அந்த ஒரு சாண் பட்டையில்தான். லாக் சுவர்களில் உரசிப் பூச்சு உரிவதும் அங்கேதான்.

இதற்கான முதல் பாதுகாப்பு, பிளாக்கிங். அதாவது கருப்புப் பூச்சு. பிட்டுமன் (தார் வகை) என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கிக் கழுவி, துருவைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும். நீர்மட்டக் கோட்டில் ஒரு கோட் கூடுதலாக. இரண்டு பாகம் கலந்து அடிக்கிற எபாக்ஸி அதைவிட அதிக காலம் உழைக்கும், ஆனால் பழைய பிட்டுமன் மேல் அடித்தால் ஒட்டாது. வெற்று இரும்பு தெரியும்வரை பிளாஸ்ட் செய்த பிறகே அடிக்க வேண்டும். வேலையில் முக்கால்வாசி சுரண்டுவதுதான், பெயிண்ட் அடிப்பது கடைசிக் கால்வாசி.

இரண்டாவது, அனோடு. படகின் பக்கங்களில் பற்றவைத்த உலோகக் கட்டிகள். நன்னீரில் மெக்னீசியம், கடல்நீரில் துத்தநாகம் என்பது பொது விதி. இரும்பைவிடச் சுலபமாகக் கரையும் உலோகம், இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும். பிளாக்கிங் செய்யும்போது அனோடு மேல் மட்டும் பூச்சு அடிக்கக் கூடாது. அடித்தால் அது வேலை செய்யாது.

என் அனோடுகள் பெயருக்குத்தான் இருந்தன. எலும்பு மாதிரி கம்பி மட்டும் மிச்சம். ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்று தேடினேன். விடை கரை மின்சாரத்தில் இருந்தது. மெரினாவில் கட்டிய படகுகள் கரையிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் எடுக்கும். அந்தக் கேபிளின் எர்த் கம்பி என் படகின் உடம்பையும் பக்கத்துப் படகுகளின் உடம்பையும் இணைத்துவிடுகிறது. வெளியே தண்ணீர், உள்ளே கம்பி. ஒரு பெரிய பேட்டரி தயார். என் மெக்னீசியம் ஊரில் உள்ள படகையெல்லாம் சேர்த்துக் காப்பாற்றப் புறப்பட்டுவிடும். அது தீர்ந்த பிறகு என் இரும்பின் முறை.

எர்த் கம்பியை வெட்டிவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடித்துச் சாக நேரிடும். கால்வானிக் ஐசோலேட்டர் என்ற கருவி இருக்கிறது. எர்த் கம்பியில் தொடராக மாட்டிய சில டயோடுகள்தான் அது. ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல்வரை நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். உண்மையான பழுது மின்னோட்டம் வந்தால் வழிவிடும். இதைவிட முழுமையான தீர்வு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், விலையும் எடையும் அதிகம். என் படகில் இரண்டுமே இல்லை. ஒன்றரை வருடம் நாள் முழுக்கக் கேபிளைச் செருகியே வைத்திருந்தேன்.

இரும்பு கரைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஓட்டையே விழாமல் தண்ணீர் உள்ளே வரும் வழிகள்.

புரொப்பெல்லர் தண்டு நீர்மட்டத்துக்குக் கீழே படகைத் துளைத்து வெளியே போகிறது. அந்தத் துளையில் கிரீஸ் தடவிய கயிற்றை வளையமாகத் திணித்து அடைத்திருப்பார்கள். இதுதான் ஸ்டெர்ன் கிளாண்ட். நம்ம ஊர் பம்புசெட்டில் கிளாண்ட் கயிறு போடுவாங்களே, அதே கதைதான். ஓடும்போது கொஞ்சம் சொட்டுவது தப்பில்லை. நாள் முடிவில் இஞ்சினை நிறுத்திவிட்டு, கிரீஸ் திருகியை இறுக்கம் தெரியும்வரை திருகினால் சொட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இரண்டு நட்டையும் சமமாக, ஒரு தடவைக்கு ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், தண்டு தேயும். இறுக்க இடமே இல்லை என்றால் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சொட்டுதானே என்று விடுபவர்களுக்கு ஒரு கணக்கு. 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 10 சொட்டு என்றால் நாளுக்கு 720 மி.லி., வாரத்துக்கு 5 லிட்டர். என் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழ சுமார் 340 லிட்டர் வேண்டும். அப்போ ஒரு வருஷம் ஆகுமே? ஆகாது. தண்ணீர் படகு முழுக்கப் பரவாமல் பின்பக்க இஞ்சின் குழியில் மட்டும் சேர்கிறது. பின்பக்கம் தாழும். அங்கேதான் புகைக்குழாய், காற்றுத் துளைகள், டெக் வடிகால் எல்லாம் தாழ்வாக இருக்கின்றன. ஒரு துளை தண்ணீரைத் தொட்ட நொடியில் சொட்டுக் கணக்கு முடிந்து பக்கெட் கணக்கு ஆரம்பம். சாஃப்ட்வேர்காரர்களுக்குச் சொன்னால் புரியும்: மெமரி லீக் மாதிரி. கடைசி நிமிடம்வரை எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்பு இருக்கே என்றால், அது பேட்டரி உள்ளவரை மட்டும். அதோடு பம்பு இருப்பதால் கசிவு உங்கள் கண்ணுக்கும் படாது.

அடுத்தது வீட் ஹாட்ச். புரொப்பெல்லரில் சுற்றிய துணி, பிளாஸ்டிக் பையை அகற்ற, அதற்கு நேர் மேலே ஒரு மூடி இருக்கும். கைவிடும் முன் இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மூடும்போது ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்ததா பாருங்கள். இறுக்கியபின் கியரில் போட்டு ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் டெக் பலகையை மூட வேண்டும். சரியாக மூடாத ஹாட்ச் வழியே புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே அள்ளி வீசும். இப்படி மூழ்கிய படகுகள் நிறைய.

என் வழக்கத்தைச் சுருக்கமாகத் தருகிறேன்:

- ஓட்டிய ஒவ்வொரு நாளும்: கிரீஸ் திருகி, இஞ்சின் குழியில் ஒரு பார்வை.
- வாரம் ஒருமுறை: கேபின் பின்கோடியில் தரையிலுள்ள சோதனைத் துளையைத் திறந்து ஈரம் பார்ப்பது. ஈரம் இருந்தால் துடைத்துக் காயவைத்து, காகிதத் துண்டு ஒன்றைப் போட்டு மறுநாள் பார்ப்பது.
- குளிர்காலத்துக்கு முன்: ஆளில்லாமல் நிற்கும் படகு என்றால் குழாய்த் தண்ணீரை வடித்து, பைப்புகளைத் திறந்தே விடுவது. குளிரூட்டியில் ஆன்ட்டிஃப்ரீஸ் அளவு பார்ப்பது. டீசல் டாங்கை நிரப்பி வைப்பது, வெற்றிடம் இருந்தால் உள்ளே ஈரம் படியும்.
- இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை: பிளாக்கிங், அனோடு, கூடவே தடிமன் அளப்பது.

கடைசியாக என் படகு என்ன ஆனது? நீர்மட்டத்தில் இருபுறமும் ஒரு அடி உயரத்துக்கு 6 மி.மீ தகட்டை மேலே வைத்துப் பற்றவைத்தார்கள். உள்ளே சுவர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் நுரை தீப்பிடிக்கக் கூடியது. அதனால் வெல்டிங் நடந்த நேரமெல்லாம் உள்ளே தீயணைப்பானோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். படகின் எடை ஏறக்குறைய அரை டன் கூடி, ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்தது. அந்த அளவுக்கு அடியிலிருந்த பாரக்கற்களைக் குறைத்தோம். படகு வாங்கிய விலையில் நாலில் ஒரு பங்கு செலவு. வாங்கும் முன்பே சர்வேக்குக் கொடுத்திருந்தால் அதில் சிறு பகுதிதான் ஆகியிருக்கும், விலையும் குறைத்துக் கேட்டிருக்கலாம்.

இப்போது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருக்கிறேன். தேதி, இடம், அளந்த தடிமன், திருகி எத்தனை சுற்று போனது என்று. திருகி திடீரென்று இரண்டு சுற்று அதிகம் கேட்டால், கிளாண்ட் என்னிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். வேறு யாரும் கேட்காத இடத்தில் அதை நான்தான் கேட்டாக வேண்டும்.

நீங்கள் படகு வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். சான்றிதழ் இருக்கா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது எதையெல்லாம் பார்க்கவில்லை என்றும் கேளுங்கள்.