முதல் பாடமே தப்பான கோட்பாடு! செறிபொருள் இயற்பியல் வகுப்பில் என்னதான் நடக்கிறது?

செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்கிறது. வைரத்தில் பாய்வதில்லை. ஏன்? ‘செம்பில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இருக்கு, வைரத்தில் இல்லை’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சரிதான். ஆனால், ‘செம்பில் மட்டும் ஏன் இருக்கு?’ என்று அடுத்த கேள்வி வந்தால் பலரும் திணறிவிடுவோம்.

அந்த அடுத்த கேள்விக்குப் பதில் தேடும் துறைதான் செறிபொருள் இயற்பியல், அதாவது கண்டென்ஸ்டு மேட்டர் ஃபிசிக்ஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு வரும் மாணவர்களுக்கு இதில் ஓர் அறிமுகப் பாடம் உண்டு. பல இடங்களில் அது தொடங்குவதே ஒரு தவறான கோட்பாட்டில் இருந்துதான்.

தப்பு எங்கே?

எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-ல். மூன்றே ஆண்டுகளில் ஜெர்மனியின் பால் ட்ரூட், உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளைப் போல முட்டி மோதி ஓடுகின்றன என்றார். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்துவது ஏன் என்பதற்கு அவர் போட்ட கணக்கு, சோதனை முடிவுக்கு நெருக்கமாக வந்தது.

அங்கேதான் ட்விஸ்ட். அந்தக் கணக்கில் எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறன் சுமார் 100 மடங்கு அதிகம். அவற்றின் வேகத்தின் வர்க்கம் சுமார் 100 மடங்கு குறைவு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் விடை சரியாக வந்துவிட்டது!

சரிசெய்தது யார்?

குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு, 1920-களின் இறுதியில் சாமர்ஃபெல்ட் இந்த இரண்டு தப்பையும் திருத்தினார். 1928-ல் ஃபெலிக்ஸ் பிளாக் இன்னொன்றைச் சொன்னார். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில், எலக்ட்ரான் அலையைப் போல மோதாமலே கடந்துவிடும். 1931-ல் ஆலன் வில்சன் இதிலிருந்து செம்பு - வைரம் கேள்விக்குப் பதில் தந்தார்.

பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி காலியாக இருந்தால் உள்ளே நகரலாம். நெருக்கியடித்து நிரம்பிவிட்டால் யாரும் அசைய முடியாது. எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் பட்டைகளும் அப்படித்தான். செம்பில் பட்டை பாதிதான் நிரம்பியிருக்கிறது. வைரத்தில் முழுதாக நிரம்பிவிட்டது. அடுத்த பட்டையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. அந்த இடைவெளி குறைவாக இருந்தால் அது சிலிக்கான் போன்ற குறைக்கடத்தி. நம் செல்போன் சிப்புக்கு அடிப்படை இதுதான்.

அப்போ பிரச்னை முடிஞ்சுதா?

இல்லை. நிக்கல் ஆக்சைடு என்ற பொருள் இந்தக் கணக்குப்படி மின்சாரத்தைக் கடத்த வேண்டும். நிஜத்தில் அது கடத்துவதில்லை. இந்தச் சிக்கல் 1937-லேயே சுட்டிக்காட்டப்பட்டது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும் விசையை அந்தக் கணக்கு முழுமையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

1986-ல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு சேர்மங்களில் மீக்கடத்துத்திறனைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு. அங்கேயும் மையத்தில் இருப்பது இதே தள்ளுமுள்ளுதான். 1987-ல் இதற்கு விளக்கம் தர முயன்றவர்களில் நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சனும், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி.பாஸ்கரனும் உண்டு. ஆனால், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்றுவரை வரவில்லை.

தப்பை ஏன் படிக்கணும்?

ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் எத்தனை அணுக்கள் என்று எழுத, 8-க்குப் பின்னால் ஏறக்குறைய 22 பூஜ்ஜியங்கள் போட வேண்டும். அத்தனையையும் தனித்தனியாகக் கணக்கிட எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. எதையாவது விட்டுவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். எதை விடலாம், எதை விட்டால் மொத்தமும் கவிழும் என்பதைத்தான் இந்தப் பாடம் பழக்குகிறது. விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காகக் கோட்பாடும் சரி என்று நம்பிவிடக் கூடாது. ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் முதல் வகுப்பிலேயே ட்ரூடிடம் கற்றுக்கொள்வது அதைத்தான்.