பொறி விழும் இடம்

தொழிற்சாலையில் ஒரு விபத்து நடந்துவிட்டால், யார் செய்த தவறு என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். பீடி பற்றவைத்தது யார், சுவிட்சைப் போட்டது யார், தரையைப் பார்க்காமல் நடந்தது யார் என்று தேடி, ஒரு பெயர் அகப்பட்டதும் விஷயம் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்தால் இது எவ்வளவு பிசகான பழக்கம் என்று விளங்கும். தொடங்கி வைத்த தவறு பெரும்பாலும் அற்பமாகவே இருக்கிறது: ஒரு நெருப்புத் துணுக்கு, சூடேறிய ஒரு பேரிங், சிந்திய கொஞ்சம் எண்ணெய். அதை உயிர்ப்பலி வரை கொண்டுபோனவை, முன்பே அங்கே சேர்ந்து கிடந்த குப்பையும் தூசும், வழியை அடைத்து நின்ற சாமான்களும்தான். மனிதர் வேலை செய்யும் இடத்தில் பொறியை அடியோடு ஒழிக்க முடியாது. அது விழும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியும். ஆகவே பெருக்குவதையும் துடைப்பதையும் ஒழுங்குபடுத்துவதையும் விபத்துத் தடுப்பின் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரின் ஆஷ் கட்டடத்தில் 8, 9, 10ஆம் மாடிகளில் இயங்கிய ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில், கட்டிங் மேசைக்கு அடியில் இருந்த கழிவுத் தொட்டியில் தீப்பிடித்தது. மெல்லிய துணியைப் பல அடுக்காக விரித்து வெட்டும்போது விழும் துண்டுகள் அந்தத் தொட்டிகளில்தான் சேரும். கழிவை விலைக்கு வாங்கும் வியாபாரி வந்து அள்ளிப்போய் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. அணையாத சிகரெட் துண்டோ தீக்குச்சியோ அதில் விழுந்திருக்கலாம் என்று தீயணைப்புத் துறை முடிவுசெய்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், அடங்கவில்லை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் இளம்பெண்கள். தீயைத் தாங்கும்படி கட்டப்பட்ட அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. எரிந்தவற்றில் பெரும்பகுதி உள்ளே சேர்த்து வைத்திருந்தவை. பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூருக்கு இது அந்நியமான கதை அல்ல. கட்டிங் வேஸ்ட் காசாகும் பொருள் என்பதால் அதை மூட்டை கட்டி ஒதுக்கி வைக்கத் தோன்றும். விற்பவர் கணக்கில் அது சரக்கு. தீயின் கணக்கில் அது விறகு.

துணி எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை வெடிக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் இருந்த இம்பீரியல் சுகர் ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று அதுதான் நடந்தது. மூடிய கன்வேயருக்குள் தூசு நிறைந்து, அநேகமாகச் சூடேறிய ஒரு பேரிங்கால் முதல் வெடிப்பு உண்டானது. அதோடு நின்றிருந்தால் சேதம் ஓரிடத்தோடு போயிருக்கும். அந்த அதிர்ச்சி, ஆலை முழுவதும் தரையிலும் உத்திரங்களிலும் குழாய்களின் முதுகிலும் படிந்திருந்த சர்க்கரைத் தூசை உதிர்த்துக் காற்றில் பரப்பியது. பரவிய தூசு பற்றி அடுத்தடுத்து வெடித்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். நுண்ணிய தூசு காற்றில் மிதக்கும்போது ஒவ்வொரு துகளையும் பிராணவாயு சூழ்ந்திருப்பதால் மொத்தமும் ஒரே கணத்தில் எரிகிறது. மாவு, மரத்தூள், அலுமினியப் பொடி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத படலம் அறையெங்கும் படிந்திருந்தாலே ஆபத்து. தூசு சேராமல் முறையாகச் சுத்தம் செய்திருந்தால் இரண்டாம்கட்ட வெடிப்புகளும் உயிரிழப்புகளும் அநேகமாக நேர்ந்திருக்காது என்று அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் எழுதியது.

பெரிய ஆலைகளோடு இது முடிந்துவிடுவதில்லை. மரப்பட்டறையில் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், வெளியிலிருந்து நெருப்பே படாமல், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டால் ஆபத்தில்லை. பட்டாசு ஆலையில் முந்தின நாள் மீந்த மருந்துக் கலவை ஈரம் பட்டு உள்ளுக்குள் சூடேறும். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்ப்பதும் சிந்தியதை உடனே அகற்றுவதும் அங்கே உயிர்க் காப்பு. லேத் பட்டறையில் சிந்திய கூலன்ட்டைத் துடைக்காமல் விட்டால், வழுக்கியவரின் கை, பொருளைப் பிடித்துச் சுழலும் ‘சக்’ பக்கம் நேராகப் போகலாம்.

ட்ரையாங்கிள் தொழிலாளர்களைக் கொன்றது பூட்டிய கதவுதான், குப்பை அல்ல என்று சிலர் மறுக்கலாம். ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்ததும், வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்ததும் உண்மை. தொட்டி காலியாக இருந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அந்தத் தீ அடங்கியிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. வழியைத் திறந்து வைப்பதும் ஒழுங்கின் ஒரு பகுதிதான். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரண்டையும் சேர்த்தே பார்த்தது. அழுக்கையும் கழிவையும் நாள்தோறும் அகற்ற வேண்டும் என்றது பிரிவு 11. தரையும் படிக்கட்டும் நடைவழியும் தடையின்றி, வழுக்கும் பொருளின்றி இருக்க வேண்டும் என்றது பிரிவு 32.

அடிக்கடி கேட்கும் இன்னொரு மறுப்பு, பெருக்கிக்கொண்டே இருந்தால் உற்பத்தி என்னாவது என்பது. ஒழுங்கில்லாத இடத்தில் ஸ்பேனரைத் தேடுவதிலும், வழியில் கிடக்கும் பெட்டியை நகர்த்துவதிலும் கரையும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வேண்டாததை அகற்று, வேண்டியதை இடம் குறித்து வை, சுத்தம் செய், அதை விதியாக்கு, பழக்கமாக்கு என்ற ஐந்து படிகள் கொண்ட ‘5 எஸ்’ முறையை ஜப்பானியத் தொழிற்சாலைகள் உற்பத்தியின் அங்கமாகவே வளர்த்தெடுத்தன. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை அதே முறையைக் கைக்கொண்டு, இலங்கையின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கு முன்மாதிரியானது.

சுத்தம் செய்யும் வேலையிலேயே அடிபடுகிறார்களே என்பதும் நியாயமான கேள்வி. அதற்கு விடை, சுத்தம் செய்வதை ஒரு தொழில்திறமையாகக் கற்றுக்கொடுப்பதுதான். ஓடும் இயந்திரத்தில் ஒட்டிய பஞ்சை எடுக்கக் கை நீட்டக் கூடாது. நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகே எடுக்க வேண்டும். தூசைக் காற்றடித்து ஊதினால் அது உத்திரத்தில் போய் மறுபடி படியும், வெடிக்கும் மேகமாகவும் மாறும். அதற்கேற்ற வேக்குவம் கருவியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தலைக்கு மேலே கண்ணில் படாமல் சேரும் தூசே மிக ஆபத்தானது.

இவ்வளவும் தெரிந்த இடங்களில்கூட சுத்தம் தவறுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, கூலி முறை. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர் துண்டுத் துணியை அள்ளும் பத்து நிமிடத்துக்கு அவருக்குக் கூலி இல்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு, நூறு பேர் போடும் கழிவை அவர் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் சம்பளத்தோடு கூடிய துப்புரவு நேரம், ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான ஆள், மேற்கூரை வரை பார்க்கும் வாராந்தரச் சோதனை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் சுவரில் ஒட்டிய பாதுகாப்பு வாசகம் யாரையும் காப்பாற்றாது. விபத்துக்குப் பின் தொழிலாளியின் கவனக்குறைவைப் பற்றிப் பேசும் உரிமை, அந்தத் துப்புரவு நேரத்துக்கு முன்கூட்டியே காசு கொடுத்த நிர்வாகத்துக்கு மட்டுமே உண்டு.