எஞ்சினின் நீளத்தைப் பின்பலகையிடம் கேளுங்கள்

வேலூர் பாகாயத்தில் படகு எஞ்சினைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? ஓட்டேரி ஏரியில் யாரும் மோட்டார் படகு விடுவதில்லை. பாலாற்றிலோ பெரும்பாலும் மணல்தான். ஆனால் 2021 நவம்பரில் அதே பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டித் தண்ணீர் வந்தது. வெள்ள மீட்புக்குப் போகும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இருப்பதும் நம் பக்கத்து அரக்கோணத்தில்தான். அவர்கள் கொண்டுபோகும் ரப்பர் படகின் பின்பலகையில் மாட்டுவது அவுட்போர்டு எஞ்சின்.

அதை வாங்கும்போது எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். முதலில் அளக்க வேண்டியது பின்பலகையை, அதாவது டிரான்சத்தை. பலகையின் மேல்விளிம்பின் நடுவிலிருந்து, நேர்கீழே படகின் அடிமட்டம் வரை எத்தனை அங்குலம்? ரப்பர் படகானால் முழுக்கக் காற்றடித்த பிறகு அளக்க வேண்டும். அடியில் இருக்கும் காற்றுக்குழாய் உப்பினால் கணக்கே மாறிவிடும்.

எஞ்சின்கள் ஏறத்தாழ 15, 20, 25 அங்குலப் பலகைகளுக்கென வருகின்றன: ஷார்ட், லாங், எக்ஸ்ட்ரா லாங். இந்த எண்கள் வெறும் பெயர்கள்தான். உண்மை நீளம் ஓரிரு அங்குலம் கூடுதலாகவும் இருக்கலாம். பழைய எஞ்சின் வாங்குகிறவர், பலகைமேல் உட்காரும் கிளாம்பின் உட்பக்கத்திலிருந்து, புரொப்பல்லருக்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு வரை டேப் பிடித்துப் பார்ப்பது நல்லது. மாட்டியபின் அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும்.

ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் தண்டு, குட்டையாகிவிட்டால் புரொப்பல்லர் மேலிருந்து காற்றை இழுக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகளும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. அவற்றில் காற்று புகுந்தால் எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போகும். அலையில் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும் கடலில் இது இன்னும் மோசம்.

நீளம் கூடினால் அவ்வளவு ஆபத்தில்லை. வேகம் குறையும், தண்ணீர் வாரியடிக்கும், எரிபொருள் வீணாகும். தெருவெள்ளத்தில் மட்டும் கதை வேறு. 30, 40 குதிரைத்திறன் எஞ்சினின் கீழ்முனை, சரியாக மாட்டினாலே படகின் அடியைவிட ஓர் அடிக்கும் மேல் இறங்கி நிற்கும். இன்னும் ஐந்து அங்குலம் கூடினால், மூழ்கிய மதில், திண்ணை, கார் என எதிலாவது இடிக்கும். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கலாம், ஆனால் உந்துவிசை குறைந்துவிடும். கடலூர், நாகைப் பக்கத்து ஃபைபர் படகுகளில் டீசல் எஞ்சினிலிருந்து நீண்ட தண்டு சாய்வாகப் பின்னால் போவதைப் பார்த்திருப்பீர்கள். கரை நெருங்கும்போது அதைக் கையாலேயே தூக்கிவிடலாம்.

பலகை 18 அங்குலம் என்று இடைப்பட்டு வந்தால்? லாங் எஞ்சினை வாங்கி, பலகைமேல் உறுதியான மரக்கட்டை வைத்து, போல்ட்டுப் போட்டு முடுக்கி உயர்த்திக்கொள்ளலாம். குட்டை எஞ்சினை நீட்டுவது அவ்வளவு எளிதல்ல.