தர்மபுரி வீட்டுக்குள் ஒரு கடல்... பாசி எங்கிருந்து வந்தது?

"மாமா, நீமோ தொட்டியில துரு பிடிச்சிருக்கு!"

போனில் தங்கை மகள் இப்படித்தான் சொன்னாள். வீடியோ காலில் பார்த்தேன். மணல், கண்ணாடி, பம்பு என எல்லாவற்றின் மேலும் காபிப்பொடி தூவியதுபோல ஒரு பழுப்புப் படலம். நடுவில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். தொட்டி வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

தங்கை குடும்பம் தர்மபுரியில் இருக்கிறது. எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். அந்த ஊரில் கடல்மீன் வளர்க்க வேண்டும் என்ற ஆசை, 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தை எட்டு வயதுப் பெண் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வந்தது. அப்பாவும் மகளுக்காக 100 லிட்டர் தொட்டி, விளக்கு, பம்பு, ஒரு வாளி உப்பு என வாங்கிப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போவதற்குள் ஒரு மீன் செத்துப்போயிருந்தது. கடையில் சொன்னார்கள் என்று பாசியைக் கொல்லும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். பாசி மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுக ஆரம்பித்தது. அப்படி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். போதாக்குறைக்கு அன்று இரவு மின்வெட்டு வேறு. காலையில் பார்த்தால் ஒரு மீன் மேலே மிதந்தது. குழந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தங்கையின் மாமியார்தான் முதலில் காரணம் சொன்னார். "எங்க ஊர்த் தண்ணி கல்லைக் கரைச்சிக்கிட்டு வர்ற தண்ணி தம்பி. என் பல்லையே இப்படி ஆக்கிடுச்சி, மீனை மட்டும் விட்டுடுமா?" என்று சிரித்துக் காட்டினார். பற்களில் பழுப்புக் கோடுகள். தர்மபுரி மாவட்டத்தில் இந்தப் பற்களைப் பார்க்காத தெரு குறைவு. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடை, பல் முளைக்கும் வயதில் குடித்து வளர்ந்ததன் அடையாளம் அது. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. ஆனால் துணி துவைக்க, மாடி கழுவ, மீன் தொட்டிக்கு ஊற்ற இன்னும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான்.

அத்தை சொன்னதில் பாதி சரி. தண்ணீர்தான் குற்றவாளி. ஆனால் ஃப்ளோரைடு இல்லை. கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு. நம் குடிநீரில் 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அதாவது, நம் பல்லைக் கெடுக்கும் அளவுக்குப் பக்கத்திலேயேதான் நீமோ பிறந்து வளர்கிறது!

கல் உப்பு போட்டால் கடலாகுமா?

மீன் தொட்டி என்றதும் பலர் கேட்கும் கேள்வி இதுதான்: "தூத்துக்குடி கல் உப்பும் கடல்ல இருந்துதானே வருது? அதையே கரைச்சா என்ன?"

உப்பளத்தில் நடப்பதைக் கவனித்தால் பதில் கிடைத்துவிடும். கடல் நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். அதற்குப் பிறகு அடுத்த பாத்தியில்தான் நாம் சாப்பிடும் உப்பு படிகமாகும். மீதி நிற்கும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கும். அதை வடித்து வெளியேற்றிவிடுவார்கள். ஆக, நம் கைக்கு வரும் கல் உப்பு, கடலில் இருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. கடல் உப்பில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே அந்தச் சோடியம் குளோரைடுதான் என்றாலும், மீதிக் கால் பங்கு இல்லாமல் கடல் உயிர்கள் நெடுநாள் தாங்காது. பாக்கெட் தூள் உப்பில் அயோடினோடு, கட்டி தட்டாமல் இருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவை அந்த மீதிக் கால் பங்கையும் திரும்பச் சேர்த்தது. இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1854-லேயே இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி கோஸ், கடலுக்கு ஓட வேண்டாம் என்று நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் செய்து காட்டினார். அதில் முதலில் அவர் விட்டது மீனை இல்லை, கடல் பாசியை! சில நாள் பாசி வளர்ந்து தண்ணீர் பக்குவமான பிறகுதான் மற்ற உயிர்களை விட்டார். 'சேலஞ்சர்' கப்பல் உலகம் சுற்றிக் கொண்டுவந்த 77 கடல் நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மர் ஆராய்ந்து 1884-ல் வெளியிட்ட முடிவுதான் இன்றும் உப்புக் கலவைகளுக்கு அடிப்படை. உப்பு கூடலாம், குறையலாம். முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் எந்தப் பெருங்கடலிலும் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை.

நம் சென்னைக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருக்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் 1909-ல் திறந்த மீன் காட்சியகத்துக்கு எதிரிலேயே வங்காள விரிகுடா! தர்மபுரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிலர் பாண்டிச்சேரி போகும்போது கேனில் கடல் நீர் பிடித்து வருகிறார்கள். கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். மூடிய கேனில் நுண்ணுயிர்களும் செத்து நாறும். இதற்கு வாளி உப்பே மேல்.

தொட்டிக்குள் ஒரு உப்பளம்

உப்பு நல்ல உப்புதான். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் சரியாகவே கலந்திருக்கிறார்கள். பிறகு எங்கே தவறு?

"தினமும் தண்ணி குறையுதுண்ணா. ஃபேன் காத்துக்கும் வெயிலுக்கும் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போயிடுது. குழாயில பிடிச்சி ஊத்திடுவோம்" என்றாள் தங்கை. முதல் பத்து நாள் உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும் என்று யாரோ சொன்ன பிறகு போர் தண்ணீருக்கு மாறியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 60 நாளில் 90 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு தொட்டி முழுக்கப் போர் தண்ணீர்! அவர்கள் வீட்டுக் குழாயில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 1,100 காட்டியது. லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் கரைந்த பொருள். தண்ணீர் ஆவியாகிப் போக, ஏறக்குறைய நூறு கிராம் தொட்டியிலேயே சேர்ந்துவிட்டது. உப்பளத்தில் செய்வதை வரவேற்பறையில் செய்திருக்கிறார்கள்.

அந்த நூறு கிராமில் பெரும்பகுதி கெடுதல் இல்லை. கொஞ்சமே கொஞ்சம் இருக்கும் சிலிக்காவும் நைட்ரேட்டும்தான் வினை. தர்மபுரி மண்ணுக்குக் கீழே கடினப் பாறை. அது சிதையும்போது ஃப்ளோரைடு மட்டுமா வரும்? சிலிக்காவும் வரும். காபிப்பொடிபோலத் தெரிந்த பழுப்புப் படலம் டயட்டம் என்ற நுண்பாசி. தன் உடலைச் சுற்றிச் சிலிக்காவில் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும் பாசி அது. புதுத் தொட்டியில் சில வாரம் வந்து, சிலிக்கா தீர்ந்ததும் தானே போய்விடும். இங்கேயோ தினமும் ஒன்றரை லிட்டர் சாப்பாடு போட்டிருக்கிறோம், எப்படிப் போகும்?

பழுப்புக்குப் பின்னாலேயே பச்சைத் தலைமுடிபோல நூல் பாசியும் எட்டிப் பார்த்தது. அதற்குத் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். வயல் உரமும் கழிவு நீரும் இறங்கும் இடத்தில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் வரும். மீதியை நாமே போடுகிறோம். இரண்டு விரல் நீள மீனுக்கு நாளைக்கு மூன்று வேளை உணவு, இரவு பதினொரு மணி வரை எரியும் விளக்கு. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? சிவப்பு நிறத்தில் வழவழவென்று ஜவ்வு மாதிரி படர்ந்தால் அது வேறு, ஒருவகை பாக்டீரியா. அழுக்கு தேங்கி, தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில் வரும்.

என்ன செய்தோம்?

மருந்தை முதலில் தூக்கிப் போட்டோம். பாசி மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும். நத்தை, இறால் எல்லாம் அதில் செத்துவிடும்.

அடுத்து ஆர்.ஓ. தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்தால் மீட்டர் 140 காட்டியது! சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு அதில் இருக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி அதை மூடி, பின்னால் ஒரு டி.ஐ. ரெசின் குடுவையையும் மாட்டியபோது 2-க்கு வந்தது. சுத்தமான தண்ணீரின் விலை, வீணாகும் தண்ணீர். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே போகும். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வருமா? அத்தை டிரம்மில் பிடித்து வாசல் கழுவுகிறார்.

உப்பு கலக்கும் முறையையும் மாற்றினோம். தண்ணீரில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து பால்போல வெளுக்கும். தனி வாளியில் பம்பு போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வந்த பிறகுதான் தொட்டிக்கு. வாரம் 15 லிட்டர் மாற்றுகிறார்கள். தினசரி குறைவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். விளக்கு 8 மணி நேரம், உணவு ஒரு வேளை. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்பு ஒன்று.

பவளப்பாறை வைத்தால் பாசி வராது என்று ஒருவர் யோசனை சொன்னாராம். தயவுசெய்து வேண்டாம். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. வீட்டில் வைப்பது குற்றம். செராமிக் கற்களே போதும். மீனையும் கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிலைய மையம் எப்போதோ செய்து காட்டிவிட்டது.

ஆறு வாரத்தில் பழுப்பு போய்விட்டது. பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் பச்சையைச் சுரண்டாமல் விட்டிருக்கிறோம். கோஸ் செய்ததுபோல அது நைட்ரேட்டைத் தின்னட்டும் என்று. தொட்டியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு. அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது தங்கை மகளின் வேலை.

நைட்ரேட் 20-க்குக் கீழே வந்தால் இரண்டாவது நீமோ என்று ஒப்பந்தம். ஞாயிறுதோறும் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து எனக்குப் போட்டோ அனுப்புகிறாள். போன வாரம் 25.